ரத்து செய்த கட்டில்

அத்தியாயம் பதினொன்று

வரமாட்டேன் என்று அப்பா சொன்னார். அப்படியானால் உங்களுக்கு வாங்கிய கட்டிலும் வேண்டாம் என்று மகள் ஆர்டரை ரத்து செய்தாள். போன வாரம் கதையை அங்கேதான் விட்டிருந்தோம். அப்பாவும் மகளும் சொன்ன சொல்லில் நிற்கிற பரம்பரை. கட்டிலுக்கு அந்தக் குணமெல்லாம் கிடையாது. அது நேற்று மத்தியானமே வந்து, மாடி வீட்டின் சின்ன அறையில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டது.

ஆளுயர அட்டைப் பெட்டி. காலையில் எழுந்ததும் பல்லம்மா முதல் வேலையாகப் போய் அது இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. வந்த மாதிரியே தானாகக் கிளம்பிப் போயிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

பல்லம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கட்டினவன் வைத்தது. டாக்டர்களுக்குப் பல் செட் செய்துகொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்த பெயர், இப்போது தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயரே தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

குளித்துவிட்டு வந்தவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"குளிக்கிற இடத்துச் சுவத்துல பென்சிலால என்னங்க கிறுக்கி வச்சிருக்கீங்க?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஜனத்தையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன், வீட்டில் வாய் திறக்க மட்டும் இரண்டு தரம் பட்டனை அழுத்த வேண்டும்.

"உங்களைத்தான்."

"கம்பி மாட்டலாம்னு அளவு எடுத்தேன்."

"என்ன கம்பி?"

"துண்டு போட."

"இடுப்பு உயரத்துலயா? யாரு துண்டு போடப் போறா, நம்ம பாப்பாவா?"

"பார்க்கலாம்" என்று சொல்லி, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் படி இறங்கிவிட்டான். லிஃப்டிலேயே வாழ்கிறவன், வீட்டில் படி இறங்குவதில் மட்டும் அப்படியொரு வேகம்.

அந்தச் சின்ன அறை முன்பு அவனுடைய சாமான் அறை. வயர் சுருளும் பல்சக்கரமும் எண்ணெய்க் குப்பியுமாகக் கிடந்ததை, போன மாதம் ஒரே நாளில் காலி செய்யவைத்தாள். காரணம் அப்பா. அம்மா போன பிறகு தனியாக இருக்கிற மனிதர், குளியலறையில் வழுக்கி விழுந்து, விடிகிற வரைக்கும் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். விஷயம் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கே அறையை ஒழித்தாள், கட்டிலுக்கு ஆர்டர் போட்டாள், அதற்கப்புறம்தான் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"வந்துடுங்கப்பா. எல்லாம் தயார்."

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"அவர் என்ன சொல்றது? நான் சொன்னா சரிதான்."

அப்பா, "இல்லம்மா, சரிப்படாது. நான் வரலை" என்றார். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியில், "அப்ப விழுந்தே கிடங்க. இனிமே உங்களுக்கு நான் போன் பண்ண மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சொன்ன வாய் அன்று ராத்திரி முழுக்கக் கசந்தது. ஆனாலும் போன் பண்ணவில்லை. சொன்ன சொல்லில் நிற்கிற பரம்பரை ஆயிற்றே.

அதனால்தான் அந்தப் பெட்டி அவளை அப்படிப் படுத்தியது. பணம் திரும்பி வர வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைவிடப் பெட்டி வெளியே போயாக வேண்டும். அது அங்கே நிற்கிற வரைக்கும், அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் அப்பா வரமாட்டேன் என்று சொன்னது மறுபடி மறுபடி காதில் விழுந்தது.

*

பட்டறையில் அன்று அவள் முன்னால் இருந்தது ஒரு முழு செட். மூன்று தரம் டாக்டரிடம் போய் மூன்று தரமும் திரும்பி வந்தது. போட்டுக்கொள்கிறவருக்கு மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரவில்லையாம்.

வெள்ளைச் சாந்தில் வார்த்த வாய் அச்சு. அதன் மேல் இளஞ்சிவப்பு மெழுகு. சின்னக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, மெழுகை இளக்கி, ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். பல்லுப் போனா சொல்லுப் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பித் தருகிற வேலை அது. தன் வாயிலிருந்து போன சொல்லைத் திருப்பி எடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து, கட்டிலை ஆர்டர் செய்த ஆன்லைன் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். மூன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். பாட்டுக் கேட்கச் சொன்னது, கேட்டாள். அப்புறம்தான் மனிதக் குரல் வந்தது.

"உங்க ஆர்டர் ரத்து ஆயிடுச்சு மேடம்."

"தெரியும் தம்பி. ரத்து பண்ணினதே நான்தான். ஆனா கட்டில் வந்துடுச்சு."

"ஆமா மேடம், டெலிவரியும் ஆயிடுச்சு."

"ரத்தான கட்டில் எப்படி டெலிவரி ஆகும்?"

"நீங்க ரத்து பண்ணறதுக்கு முன்னாடியே குடோன்லேர்ந்து கிளம்பியிருக்கும் மேடம்."

"போகட்டும். என் பணம் எப்ப வரும்?"

"ரத்து ஆனா பணம் தானா வந்துரும் மேடம்."

"ரத்து ஆயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆனா டெலிவரி ஆயிடுச்சே மேடம்."

பல்லம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேராத இன்னொரு கேஸ்.

அந்தப் பையன் நல்ல பையன்தான். பொறுமையாக விளக்கினான். வாசலில் வந்தபோதே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பெரிய சாமான்களை, போனுக்கு வருகிற ரகசியக் கோடு நம்பரைச் சொல்லாமல் ஆட்கள் இறக்க மாட்டார்கள். பதிவு செய்த நம்பருக்குக் கோடு போயிருக்கிறது. யாரோ அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். சொன்னால், வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று அர்த்தம்.

"நான் எந்தக் கோடும் சொல்லலை."

"வீட்ல வேற யாராவது சொல்லியிருப்பாங்க மேடம். பரவாயில்லை, பெட்டியைப் பிரிக்காம இருந்தா சரி. இன்னிக்கு சாயங்காலமே ஆள் அனுப்பறோம். எடுத்துட்டுப் போனதும் பணம் போட்டுருவோம்."

போனை வைத்ததும் அவளுக்கு நேற்றைய தினம் ஞாபகம் வந்தது. நேற்று அவள் போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். ஆளில்லாத வீட்டில் அது அலறுகிறதே என்று, மாற்றுச்சாவியால் திறந்து எடுத்துத் தன் வீட்டில் வைத்திருந்தது கீழ்வீட்டு அண்ணி. பெட்டியை மேலே ஏற்றிவைக்க ஆட்களுக்கு வழிகாட்டியதும் அண்ணிதான். போனில் கோடு வந்த அடையாளமே இல்லை. அழித்திருக்க வேண்டும்.

அண்ணி என்றால் கணவனின் அக்கா. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவுக்கு வருகிற பார்சலில் பாதி அவள் கையில்தான் இறங்கும். யார் வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் அண்ணி வாங்கி வைப்பாள். இதுவரை அது உபகாரமாகத்தான் தெரிந்தது.

பிற்பகலில் பட்டறை முதலாளி அவள் மேசைப் பக்கம் வந்து, செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா, கோரைப்பல்லு இப்படி நீட்டிக்கிட்டு நிக்குது? யாரைக் கடிக்கப் போறே?"

யாரை என்று அவளுக்குத் தெரியும்.

*

அண்ணி கீழ்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாப்பா வீட்டுப்பாடம் எழுதுகிற சத்தம் கேட்டது. எழுதுகிறபோது வாய்விட்டுப் படிக்கிற பிள்ளை.

"வந்துட்டியா? டீ போடவா?"

"வேணாம் அண்ணி. ஒண்ணு கேக்கணும். நேத்து கட்டில் வந்தப்போ கோடு சொன்னது நீங்களா?"

அண்ணி மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"நான் சொல்லலைம்மா."

"அப்ப யாரு சொன்னா?"

"நான் சொல்லலை. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

இந்த பதில்தான் பல்லம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லை என்றால் இல்லை, ஆமாம் என்றால் ஆமாம். நடுவில் நின்று நழுவுகிற பேச்சு அவளுக்கு ஆகாது.

"என் போன் உங்ககிட்டதான் இருந்துது. பெட்டி வந்தப்போ நீங்கதான் இருந்தீங்க. கோடு என்ன, வானத்துலேர்ந்தா வந்துது?"

அண்ணி அடுத்த துணியை எடுத்தாள்.

"அது ரத்து பண்ணின கட்டில்னு உங்களுக்கும் தெரியும். நான் எவ்வளவு அழுதுட்டு ரத்து பண்ணினேன்னும் தெரியும். ஊர்ப் பார்சலையெல்லாம் வாங்கி வாங்கி உங்களுக்குப் பழகிப்போச்சு. அதுக்காக என் போனை எடுத்துப் பார்ப்பீங்களா?"

"மெதுவாப் பேசு. பாப்பா இருக்கா."

"இனிமே எங்க வீட்டு விஷயத்துல நீங்க தலையிட வேணாம் அண்ணி."

எங்க வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மாற்றுச்சாவி. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அங்கே யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் கனம் அவளுக்கே தெரிந்தது.

"சரிம்மா" என்றாள் அண்ணி. கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பல்லம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

*

பெட்டியை எடுக்க வந்த ஆள் ஒல்லியாக, வியர்த்து விறுவிறுத்து நின்றான். கீழே வண்டியில் இன்னொருவன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"இதானாக்கா? பிரிக்கலையே?"

"தொடக்கூட இல்லை."

"நல்லது. கோடு சொல்லுங்க."

"எந்தக் கோடு?"

"குடுக்கறதுக்கும் ஒரு கோடு உண்டுக்கா. இப்பதான் அனுப்பினேன். போனைப் பாருங்க."

பல்லம்மா போனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் அனுப்பினான். அப்போதும் இல்லை. இதற்குள் கணவனும் வேலை முடிந்து வந்து, கருவிப் பையைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"நம்பர் சரியான்னு பாருங்கக்கா" என்று அந்த ஆள் தன் கையிலிருந்த கருவியைத் திருப்பிக் காட்டினான். முன்பாதி முழுக்கப் புள்ளி புள்ளியாக மறைத்திருந்தது. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிந்தன.

அது அவளுடைய நம்பர் இல்லை. ஆனால் அந்த நான்கு எண்கள் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

அப்பா ஓட்டிய லாரியின் நம்பர் அது. சின்ன வயதில் தெருமுனையில் நின்று, வருகிற லாரிகளின் நெற்றியில் அந்த நான்கு எண்களைத் தேடியிருக்கிறாள். ஒரு போக்கு போனால் எப்போது திரும்புவார் என்று அம்மாவுக்கே தெரியாது. அந்த நம்பர் தெரிந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். பிற்பாடு போன் வாங்கியபோது, அதே நான்கில் முடிகிற நம்பர்தான் வேண்டும் என்று கடைக்காரனிடம் மல்லுக்கட்டி வாங்கிக்கொண்டார்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. கல்யாணத்துக்கு முன்னால், தனக்கென்று போன் இல்லாத காலத்தில், அந்தக் கம்பெனியில் அப்பாவின் நம்பரில் தொடங்கிய கணக்கு இது. கல்யாணமானதும் விலாசத்தை மாற்றினாள். நம்பரை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவளும் கணவனும் இன்று வரை எல்லாவற்றையும் அதில்தான் வாங்குகிறார்கள்.

அப்படியானால் நேற்றுக் கோடு சொன்னது அண்ணி இல்லை.

"அக்கா, வண்டி நிக்குது" என்றான் அந்த ஆள்.

வேறு வழியில்லை. கோடு வேண்டுமென்றால் அப்பாவைக் கூப்பிட வேண்டும். இனிமேல் போன் பண்ணமாட்டேன் என்று சொன்ன அதே வாயால். நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"அப்பா."

"ம்."

"எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். கோடு வந்திருக்கு. ரெண்டு தரம் வந்துடுச்சு. கட்டிலைத் திருப்பி அனுப்பறியா?"

"நீங்கதானே வரலைன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

"அப்புறம் நேத்து மட்டும் எதுக்குக் கோடு சொன்னீங்க?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது.

"முட்டிக்குப் பட்டை வாங்குனியே, வலி கொறைஞ்சுதா?" என்று கேட்டார்.

பல்லம்மா திகைத்துப்போனாள். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"எல்லாம் இதுலதாம்மா வருது. நீ என்ன வாங்கினாலும் எனக்கு ஒரு மெசேஜ் வந்துரும். பாப்பாவுக்கு ஷூ அளவு ஏறிக்கிட்டே வந்துது. ஒரு தரம் ஒரேயடியா ரெண்டு அளவு ஏறிச்சு, நல்லா வளர்றான்னு நெனைச்சுக்கிட்டேன். நீ வேலை மும்முரத்துல போன் பண்ணாத வாரத்துலகூட ஒரு சோப்போ ஒரு வாளியோ வந்துரும். சரி, புள்ளை நல்லா இருக்குன்னு நிம்மதியாப் படுத்துருவேன்."

பல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் அப்பா தனியாக இருக்கிறார், நம் வீட்டு நிலவரம் அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்திருந்தாள். அவரோ சோப்பும் வாளியுமாக இந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. பெட்டி எடுக்க வந்தவன் தர்மசங்கடமாக அட்டைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சண்டை போட்டதுக்கப்புறமும் ஒண்ணு வந்துதும்மா" என்றார் அப்பா. "கட்டிலை ரத்து பண்ணி ரெண்டு மூணு நாள் இருக்கும். குளியலறைச் சுவத்துல மாட்டுற கைப்பிடியாம். புடிச்சுக்கிட்டு எழுந்திருக்கறது. அது யாரு வாங்கினது? நீயா?"

"கைப்பிடியா? நான் வாங்கலையேப்பா."

சொல்லிவிட்டுத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் கருவிப் பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான். இடுப்பு உயரத்தில் இருந்த பென்சில் கோடு அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"அதான் எனக்கும் யோசனை" என்றது போனில் அப்பாவின் குரல். "நீ கோவத்துல இருக்கே. நீ வாங்கியிருக்க மாட்டே. அப்ப வேற யாரு வாங்கியிருப்பாங்கன்னு யோசிச்சேன். அந்த யோசனையிலதான் நேத்து கட்டில்காரன் கூப்பிட்டதும் கோடு சொல்லிட்டேன். தப்புன்னா சொல்லு, இப்பவே இந்தக் கோடு நம்பரையும் சொல்லிடறேன்."

பெட்டி எடுக்க வந்தவன் கருவியைத் தயாராகப் பிடித்தான்.

"சொல்லிடட்டுமா? எட்டு..."

"மாமா!"

பல்லம்மாவின் கையிலிருந்து போனைக் கணவன் பிடுங்கிய வேகத்தில் கருவிப் பை தடாலென்று தரையில் விழுந்தது.

"மாமா, நான்தான் பேசறேன். கைப்பிடி நான்தான் வாங்கினேன். அந்தக் கோடு நம்பரைச் சொல்லாதீங்க."

"நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே மாப்பிள்ளை."

"தப்புதான் மாமா. அவ கூப்பிட்டா நான் கூப்பிட்ட மாதிரின்னு இருந்துட்டேன். அறையைக் காலி பண்ணினேன், சுவத்துல அளவு எடுத்தேன். வாங்கன்னு சொல்லணும்னு எனக்குத் தோணலை. நம்ம வீட்டுக்கு வர்றவருக்கு எதுக்குன்னு..." அவனுக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வருகிற ஒரே வார்த்தையைச் சொன்னான். "வாங்க மாமா."

நான் சொன்னா சரிதான் என்று அன்று தான் சொன்ன பதில் பல்லம்மாவின் நினைவில் சுருக்கென்று தைத்தது. மாப்பிள்ளை என்ன சொன்னார் என்பதுதான் அப்பா கேட்ட ஒரே கேள்வி. அதற்கு பதில் சொல்ல வேண்டிய கணவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவனிடம் போனைக் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் மாப்பிள்ளை" என்றார் அப்பா. "கட்டிலை நீங்களே முடுக்காதீங்க. நட்டு போல்ட் விஷயமெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன்."

"சரி மாமா" என்றான், நட்டு போல்ட்டிலேயே பிழைக்கிற மாப்பிள்ளை.

பெட்டி எடுக்க வந்தவன் தொண்டையைச் செருமினான். "அப்ப இதையும் ரத்துன்னு போட்டுடவாக்கா?"

"போட்டுடுப்பா. பணம் வேணாம்னு நான் சொல்லிடறேன்."

"பாத்துக்கங்க. எங்க கம்பெனியில ரத்து பண்ணினதுதான் கரெக்டா வீடு தேடி வரும். நாளைக்கே நான் மறுபடி வந்து நின்னாலும் நிப்பேன்."

பல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அவன் ஹாரன் சத்தத்தைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனான்.

*

சிரிப்பு அடங்கியதும் அண்ணியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. படி இறங்குவது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக என்றைக்கும் இருந்ததில்லை, முட்டி வலித்த நாளில்கூட.

அண்ணி கதவைத் திறந்தாள். பின்னால் பாப்பா அண்ணியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, என்னை மன்னிச்சுருங்க. கோடு சொன்னது எங்கப்பா. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா? நல்லதாப் போச்சு." அண்ணி வழிவிட்டு நின்றாள். "உள்ளே வா. டீ போடறேன்."

அந்த நிதானத்தைப் பார்த்ததும் பல்லம்மாவுக்கு ஒன்று உறைத்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கட்டில்காரங்க என் முன்னாடி நின்னுதான் அவருக்குப் போன் போட்டாங்க. அப்புறம் என்கிட்ட குடுக்கச் சொல்லிப் பேசினாரு."

"அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே அண்ணி! நான் அவ்வளவு கேவலமாப் பேசினேன். கேட்டுக்கிட்டு நின்னீங்களே!"

"சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. சரின்னுட்டேன்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். முப்பது வருஷம் போர்டு முன்னாடி உக்காந்து ஊர்ப் பேச்செல்லாம் காதுல வாங்கியிருக்கேன். லைன்ல கேட்டதை வெளியே விட்டதில்லை. நீ ரெண்டு வார்த்தை திட்டினேன்னு இப்பப் போய் விடுவேனா?" அண்ணி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "எங்க வீடுன்னு சொன்னியே, அது மட்டும் கொஞ்சம் வலிச்சுது. விடு, டீ குடிச்சா போயிரும்."

பல்லம்மா அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பாப்பா கண்ணாடிக்கு மேலாக இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பெரியவர்கள் சமாச்சாரம் என்று மறுபடி படிக்க ஆரம்பித்தது.

டீ குடித்து முடித்து எழுந்தபோது பல்லம்மா கேட்டாள். "அப்பா இதை மட்டும்தான் சொல்லாதீங்கன்னாரா?"

அண்ணி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ரெண்டு விஷயம் சொல்லாதீங்கன்னாரு. ஒண்ணு உனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"இன்னொண்ணு?"

"அவரே வந்து சொல்லுவாரு."

எவ்வளவு கேட்டும் பெயரவில்லை. முப்பது வருஷப் பழக்கம், ஒரு டீயில் போய்விடுமா? பல்லம்மா பாப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு, பாதிப் படி ஏறியிருப்பாள். பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஏம்மா, அந்தக் கட்டில் ஒருத்தர் படுக்கறதா, ரெண்டு பேர் படுக்கறதா?"

"ஒருத்தர்தான் அண்ணி. லாரிப் பலகையிலேயே தூங்கிப் பழகினவரு. அகலமா இருந்தா அப்பாவுக்குத் தூக்கம் வராது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன்" என்றாள் அண்ணி. "நான் ஒண்ணும் சொல்லலை."

கீழ்வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.